எந்தப் பக்கம்?

பத்தொன்பது வருடமாக நான் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். பொய் கேட்பதுதான் என் பிழைப்பு. "இப்பதான் சார் ஏறினேன்." "கையிலதான் சார் வச்சிருந்தேன், காத்துல பறந்துடுச்சு." பொய் சொல்கிறவனை அவன் முகமே எங்காவது காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்குக் காது சிவக்கும். சிலர் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்வார்கள். மூன்று சீட் தள்ளி நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நீங்கள் படிக்கப்போவதில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை. ஒருவரிடம் சொன்னேன். அந்த இடம் வரும்போது இதுதான் என்று காட்டுகிறேன். மற்றதெல்லாம் என் உடம்புக்கு நடந்தது. தையல் போட்ட இடம் இன்னும் இருக்கிறது.

இடது விலாவுக்குக் கீழே வலி. உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி. ஓடுகிற பஸ்ஸின் படியில் தாவி ஏறினால் உயிர் போகிற வலி. வாயுத் தொல்லை என்று ஆறு மாதம் ஓட்டினேன். ஒருநாள் காய்ச்சல் தூக்கிப் போட்டதும் மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் கல் அடைத்து அது எப்போதோ வேலையை நிறுத்திவிட்டது. உள்ளே சீழ் பிடித்திருந்தது.

"எடுத்துடலாம்," என்றார் சர்ஜன். "வலது பக்கம் நல்லா வேலை செய்யுது. அது ஒண்ணு போதும். நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்."

"நூறெல்லாம் வேண்டாம் டாக்டர்," என்றாள் என் மனைவி. "ரிட்டயர் ஆகுற வரைக்கும் இருந்தா போதும். அதுக்கப்புறம் இவர நாள் முழுக்க வீட்ல வச்சுச் சமாளிக்க என்னால ஆகாது."

சர்ஜன் சிரித்தார். ஐம்பதைத் தாண்டியவர். மெதுவான பேச்சு. ஒட்ட வெட்டிய நகங்கள். நான் பார்த்தவுடன் யாரையும் நம்புகிறவன் இல்லை. அவரை மட்டும் நம்பினேன்.

காய்ச்சல் குறைந்தால்தான் கத்தி வைக்க முடியும் என்று முன்கூட்டியே சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடி. வராந்தாவின் கடைசி அறை. இரண்டு கட்டில். ஜன்னல் ஓரம் எனக்கு. இன்னொன்று காலி. அதன் விரிப்பை இழுத்துச் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல் வைத்திருந்தார்கள். எனக்கு முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கி ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பின்பக்கம் காற்று வரும். மனிதனுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் அதோடு போய்விடும்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு கட்டு விடைத்தாளோடுதான் எனக்குத் துணைக்கு வந்தாள். நான் வலியில் முனகினால் அவள் சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே, "சிஸ்டரக் கூப்பிடவா?" என்பாள்.

நான் சும்மா படுத்திருக்கிற ஆள் இல்லை. ரத்தம் எடுக்க வந்த பெண் இரண்டு குழாயில் எடுத்தாள். ஏன் இரண்டு? ஊசி போடும் மருந்தை ஏன் என் கண் முன்னால் உடைக்கவில்லை? கையெழுத்து வாங்கிய ஆள் ஏன் இவ்வளவு சிரிக்கிறான்?

"படுத்துக்கிட்டும் செக்கிங்தானா?" என்றாள் மனைவி.

காரணம் இருந்தது. லீவு சொல்லப் போனபோது எங்கள் டெப்போ டிரைவர் ஒருத்தன் தோளில் தட்டி, "உள்ள போறப்ப ரெண்டு இருக்கு. வெளிய வர்றப்ப எண்ணிப் பாத்துக்க. ஒண்ணாவது இருக்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது.

நான் பொய் சொன்ன அந்த ஒருவர் முதலில் வந்தது நான் சேர்ந்த மறுநாள். நல்ல வெயில் நேரம். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி. பார்வையாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மனைவி சாப்பிடக் கீழே கேன்டீனுக்குப் போயிருந்தாள். வார்டு மொத்தமும் உண்ட மயக்கத்தில் இருந்தது.

கிரீச்... கிரீச்... கிரீச்...

வராந்தாவில் சக்கரச் சத்தம். எண்ணெய் காணாத சக்கரம். மெதுவாக வந்தது. என் அறை வாசலில் நின்றது.

பாதி திறந்திருந்த கதவு வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். ஒட்டிய கன்னம். சில நாள் தாடி. சலைன் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார். இன்னொரு கை, வலது இடுப்பைப் பொத்தியிருந்தது.

"ஆபரேஷனா?" என்றார்.

"ஆமா."

"கிட்னியா?"

நான் தலையாட்டினேன்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"நிச்சயமா?"

"டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் சொன்னாரு..." அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே போட்டு மென்றார். "நீங்க பாத்தீங்களா?"

ஸ்கேன் படத்தைக் காட்டினார்கள்தான். மேகமும் புகையுமாக என்னவோ இருந்தது. அதில் எது இடது, எது வலது என்று யார் கண்டது?

அவர் கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

போன பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. வரும்போது அந்தச் சக்கரம் கத்தியது. போகும்போது கத்தவில்லை. அவர் அங்கி நீலம், துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம். இங்கே எல்லோருக்கும் பச்சை. கம்பியில் தொங்கியது கண்ணாடி பாட்டில். எனக்கு ஏற்றுவது பிளாஸ்டிக் பை. கண்ணாடி பாட்டிலை நான் கடைசியாகப் பார்த்தது சின்ன வயதில்.

அந்தப் பாட்டிலில் ஒரு சொட்டு மருந்து இல்லை.

அப்போது எனக்குப் பேய் பிசாசு என்கிற நினைப்பே வரவில்லை. என் புத்தி நேராக டிரைவர் சொன்ன இடத்துக்குத்தான் போனது. யாரோ ஆள் விட்டு நோட்டம் பார்க்கிறார்கள். எது கெட்டது, எது நல்லது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்கள். நல்லது எதற்கு? விற்பதற்குத்தான்.

மனைவி வந்ததும் சொன்னேன்.

"கிட்னி திருடுறவன் பட்டப்பகல்ல சலைன் கம்பியத் தள்ளிக்கிட்டா வருவான்?" என்றாள். "உங்க வேலை உங்கள விட்டுப் போகாது. எல்லாரும் உங்களுக்கு டிக்கெட் எடுக்காத ஆளாத்தான் தெரியுறாங்க."

ஆனாலும் காய்ச்சல் பார்க்க வந்த மூத்த நர்சிடம் கேட்டேன்.

"இந்த வார்டுல எழுந்து நடக்குற ஆம்பள பேஷன்ட் நீங்க ஒருத்தர்தான் சார்," என்றார் அவர். தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே, "எப்படி இருந்தார்?" என்று கேட்டார்.

நீல அங்கி என்றேன். உதறிய கை நின்றது.

"என்ன கேட்டார்?"

"எந்தப் பக்கம்னு கேட்டார்."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேற மாடியிலேர்ந்து யாராவது வழி தவறி வந்திருப்பாங்க சார். சில பேருக்கு மருந்து வேகத்துல அப்படி ஆகும். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க. கதவச் சாத்தியே வைங்க."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அவர் ஐந்து பதில் சொன்னார்.

பொய். மூன்று சீட் தள்ளியே தெரிகிற பொய்.

மறுநாள் ஆபரேஷனுக்கு முந்தின நாள். மத்தியானம் மனைவியைக் கீழே போகவிடவில்லை. காலையிலேயே ரொட்டி வாங்கி வைக்கச் சொல்லி, கதவைச் சாத்தி, அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் விடைத்தாள் திருத்தினாள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி ஆனது. ஒன்றும் வரவில்லை. இரண்டரைக்கு மருந்துக் கடையிலிருந்து ஆள் வந்து, நாளைக்கு வேண்டியதை வந்து சரிபார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னான். மனைவி போனாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள். தாழ்ப்பாளின் சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு கண் சிமிட்டும் நேரம் அயர்ந்திருப்பேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் காலிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

சக்கரச் சத்தம் கேட்கவில்லை. கதவுச் சத்தமும் இல்லை. கம்பி பக்கத்தில் நின்றது. காலி பாட்டில் தொங்கியது. கை அதே வலது இடுப்பில். அவர் கால்கள் தரையைத் தொடவில்லை, கட்டில் உயரம், அதில் ஒன்றும் அதிசயமில்லை. நான் பார்த்தது விரிப்பை. இழுத்துச் செருகிய விரிப்பு. ஒரு முழு ஆள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

கதவைப் பார்த்தேன், சாத்தியபடியே இருந்தது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. சந்தேகப்படுகிற ஆளிடம் நான் எப்போதும் ஒரு வித்தை செய்வேன். அவன் ஏறாத ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, "அங்கதானே ஏறின?" என்பேன். ஆமாம் என்றால் மாட்டிக்கொண்டான். அதே மாதிரி ஒரு தூண்டிலை இவருக்கும் போட்டேன். கேட்டவர் வியாபாரி என்றால் முகத்தில் தெரிந்துவிடும்.

"வலது," என்றேன்.

நான் சொன்ன பொய் இதுதான்.

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. ஆசை வரவில்லை. திருட்டுக் களை வரவில்லை. உதடு நடுங்க ஆரம்பித்தது. பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டவர்கள் சில சமயம் எங்கள் பஸ்ஸில் ஏறுவார்கள். அவர்களுக்கு இருக்கிற முகம் அது.

"நேத்து இடதுன்னீங்க."

"இல்லையே. வலதுன்னுதான் சொன்னேன்," என்று அதே பொய்யைப் பிடித்துக்கொண்டேன், கண்ணைக்கூட அசைக்காமல்.

குளுக்... குளுக்...

காலி பாட்டிலுக்குள் குமிழி வந்தது.

அவர் கட்டிலிலிருந்து இறங்கினார். என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவரிடமிருந்து மூச்சு வரவில்லை. குளிர்தான் வந்தது. பிரிட்ஜைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி.

"சரி," என்றார். "அப்ப நான் கூட வர்றேன்."

தாழ்ப்பாள் சத்தம். மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் மருந்துப் பை.

"யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?"

அறையில் என்னையும் அவளையும் தவிர யாருமில்லை.

போய்விடலாம் என்றேன். வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளலாம், இப்போதே கிளம்பலாம் என்று கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன். மனைவி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கேலி செய்யவில்லை.

"உள்ள சீழ் இருக்கு. அது ரத்தத்துல கலந்தா ஒரு ராத்திரி தாங்காதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் யார்கிட்ட போய் சொல்ல? நீங்க படுங்க."

படுத்தேன். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் சர்ஜன் வந்தார். அவரிடம் மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். நீல அங்கி, கண்ணாடி பாட்டில், கேள்வி, எல்லாம். நான் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கை எங்க வச்சிருந்தார்?" என்று கேட்டார்.

"வலது இடுப்புல."

"நல்லா தூங்குங்க," என்றார். "நான் அப்புறமா வந்து பக்கத்தக் குறிச்சிட்டுப் போறேன்."

தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அரைத் தூக்கத்தில் யாரோ என்னைப் புரட்டியது நினைவிருக்கிறது. இடுப்பில் ஏதோ ஒரு முனை ஊர்ந்தது. இழுத்து ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு. மருந்து மயக்கத்தில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. யார் என்று பார்க்கக் கண்ணைத் திறக்க முயன்றேன். இமை எழவில்லை. எழுதுகிற கை நடுங்குவது மட்டும் தெரிந்தது.

டாக்டர் கை நடுங்குமா?

அவர்தான் இது, அந்த நீல அங்கி, என்று நினைத்துக்கொண்டே மூழ்கிப்போனேன்.

காலையில் சொன்ன நேரத்துக்கு முன்பே டிராலி வந்துவிட்டது. மனைவி முகம் கழுவப் போயிருந்தாள். "பக்கம் குறிச்சாச்சா?" என்று நர்சைக் கேட்டேன். "டாக்டரே குறிச்சுட்டார் சார்," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தேன். மையைத் தடவியா கண்டுபிடிக்க முடியும்?

"கொஞ்சம் பாத்துச் சொல்லேம்ப்பா, எந்தப் பக்கம் போட்டிருக்குன்னு," என்று டிராலி தள்ளுகிறவரைக் கேட்டேன்.

"எல்லாம் உள்ள பாத்துப்பாங்க சார். ஆடாமப் படுங்க."

வராந்தாவின் மேற்கூரை நகர்ந்தது. ஒரு விளக்கு. இன்னொரு விளக்கு. டிராலியின் சக்கரங்கள் புது ரப்பர். சத்தமே இல்லாமல் போயின.

கிரீச்...

பின்னால் கேட்டது.

கிரீச்... கிரீச்...

"பின்னாடி யாரு வர்றது?"

டிராலிக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாருமில்லையே சார்."

லிப்ட் வந்தது. ஏறினோம். கதவு மூடியது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கிரீச்...

லிப்டுக்குள்ளே. என் தலைமாட்டில்.

டிராலிக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஏசி ஜாஸ்தியா வச்சிருக்காங்க," என்றார்.

அந்த லிப்டில் ஏசி இல்லை. ஒரு மின்விசிறிதான், அதுவும் ஓடவில்லை.

ஆபரேஷன் தியேட்டர். பெரிய வட்ட விளக்கு. இரும்புத் தட்டில் கருவிகள் வைக்கிற சத்தம். முகமூடி போட்டவர்கள் என்னைச் சுற்றி வேலை பார்த்தார்கள். எல்லோரும் பச்சை. மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண். அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. நல்ல கண்கள்.

சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். முதுகு தெரிந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால்...

நீலம்.

முகமூடி இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சர்ஜனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க... ஒருத்தர்..."

"ஒண்ணுமில்ல சார். நல்லா மூச்ச இழுங்க."

"இடது..."

"இழுங்க... இன்னும்..."

முகத்தில் ரப்பர் வாசனை.

இருட்டு.

கண் விழித்தபோது மனைவியின் கை என் நெற்றியில் இருந்தது. தொண்டை எரிந்தது. முதல் வேலையாகக் கையைக் கட்டு மேல் கொண்டுபோனேன். இடது பக்கம். கட்டு இடது பக்கம்தான் இருந்தது. கண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டு மணி நேரம்னாங்க, நாலு மணி நேரம் ஆச்சு," என்றாள் அவள். "நம்ம டாக்டர் வெளிய வரவே இல்ல. வேற ஒருத்தர்தான் வந்து எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னார். இவருக்கு நடுவுல உடம்புக்கு முடியாமப் போயிடுச்சாம்."

அதற்குப் பிறகு அந்தச் சர்ஜனை நான் பார்க்கவே இல்லை. கேட்டால், லீவு என்றார்கள். ஒருவர் மட்டுமல்ல, எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். மூத்த நர்ஸ் என் அறைக்கு வேறு ஆளை அனுப்பினார். நீல அங்கிக்காரரும் வரவில்லை. கதவைத் திறந்தே வைத்தேன். இரண்டு மணிக்கு விழித்தே இருந்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சிறுநீர், ரத்தம் எல்லாம் சரியாக இருந்தது. என்னவோ ஒன்று மறைக்கப்படுகிறது என்பது மட்டும் சரியாகவில்லை.

தையல் பிரிக்கப் போன அன்று, வண்டி நிறுத்துகிற இடத்தில் அந்த மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தேன். முகமூடி இல்லாவிட்டாலும் கண்களை வைத்துக் கண்டுபிடித்தேன். அவரும் என்னைக் கண்டுகொண்டார். உடனே கார் கதவைத் திறந்தார்.

"டாக்டர்," என்றேன். "நான் செக்கிங் ஆள். ஒருத்தர் மறைக்கிறாங்கன்னா எனக்குத் தெரியும். சண்டைக்கு வரல. கேஸ் போட மாட்டேன். என் உடம்புக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

மனைவியும் பக்கத்தில் நின்றாள். "சொல்லுங்கம்மா," என்றாள். "இவர் ராத்திரி சரியாத் தூங்குறதில்ல."

அவர் கார் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"குறி வலது பக்கம் இருந்துச்சு," என்றார்.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மயக்கம் கொடுத்ததும் பேஷன்ட ஒருக்களிச்சுப் படுக்க வைப்போம். எடுக்க வேண்டிய பக்கம் மேல வரணும். குறி வலதுல இருந்ததால வலத மேல வச்சோம். படத்தோட ஒப்பிட்டுப் பாத்திருக்கணும். உங்களையே ஒரு தடவை கேட்டிருக்கணும். நீங்க சொல்லக்கூட வந்தீங்க. நான் கேக்கல. அந்தத் தப்பு என்னோடது. துணி போத்தியாச்சு. சர்ஜன் சார் கத்திக்குக் கை நீட்டினார்."

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"அப்ப ஒரு குரல் கேட்டுச்சு. 'எந்தப் பக்கம்?'"

"யாரு கேட்டா?"

"எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். எங்கள்ல யாருமில்ல. சார் கை அப்படியே நின்னுடுச்சு. மறுபடி கேட்டுச்சு. 'எந்தப் பக்கம்?' நான் ஓடிப்போய் படத்த விளக்குல வச்சுப் பாத்தேன். இடது. சந்தேகமே இல்ல, இடது. சார் கத்தியக் கீழ போட்டுட்டுச் சுவரோட சாஞ்சுட்டார். உங்களத் திருப்பிப் படுக்க வச்சு, வேற சர்ஜனக் கூப்பிட்டு முடிச்சோம்."

"குறி போட்டது யாரு?"

"அவரேதான். அன்னைக்குச் சாயங்காலம் நீங்க சொன்னதக் கேட்டதுலேர்ந்து அவர் அவராவே இல்ல. எப்படி வலதுல போட்டேன்னு அவருக்கே தெரியலங்கிறார்."

சந்தேகப்படக் கூடாத ஆளைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டியவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பத்தொன்பது வருட அனுபவம்.

"அந்த நீல அங்கிக்காரர் யாரு டாக்டர்?"

"எனக்கு முன்னாடி காலம். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இதே ஆஸ்பத்திரி. இடது கிட்னி எடுக்க வந்தவருக்கு வலத எடுத்துட்டாங்க. நல்லா இருந்தது அது ஒண்ணுதான். அந்தாள் அப்புறம் கண் முழிக்கவே இல்ல. அன்னைக்குப் பக்கம் குறிச்சது அப்ப புதுசா சேர்ந்த ஒரு சின்ன டாக்டர்."

யார் என்று நான் கேட்கவில்லை.

"சார் வேலைய விட்டுட்டார். போறதுக்கு முன்னாடி என்கிட்ட மட்டும் ஒண்ணு சொன்னார். அந்தக் குரல் தனக்குத் தெரியும்னார். டேபிள்ல படுக்க வச்சதும் அந்தாள் இவர் கையப் பிடிச்சு, 'எந்தப் பக்கம் டாக்டர்?'னு கேட்டாராம். ரெண்டு தடவை. இவர் அவசரத்துல பதிலே சொல்லலையாம்."

மனைவி என்னை இழுத்தாள். போகலாம் என்று கண்ணால் சொன்னாள். நான் நகரவில்லை. டாக்டர் இன்னும் எதையோ வைத்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் கார் சாவியைத் திருப்பித் திருப்பி...

"இன்னும் இருக்கு," என்றேன்.

"உங்களத் திருப்பிப் படுக்க வச்சப்புறம், மூணாவது தடவையும் கேட்டுச்சு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இந்தத் தடவை சார் பதில் சொன்னார். சுவரப் பாத்துக்கிட்டே, 'இடது. இடதுதான்'னு சொன்னார்."

"அப்புறம்?"

"சார், நான் கொடுக்குற மருந்துல உடம்புல ஒரு தசைகூட வேலை செய்யாது. மூச்சுக்கூட மெஷின்தான் விடும். வாயில குழாய் வேற இருக்கு. விரல் நுனிய அசைக்க முடியாது. அது முடியாதுன்னு உறுதி பண்ணிக்கிறதுதான் என் வேலையே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார்.

"சார் 'இடது'ன்னு சொன்னதும்... நீங்க தலையாட்டினீங்க."